கழிப்புக்காரி மருதம்மாள்

என் மருதம்மாளைப் பினாங்கில் கொன்றுவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேரும் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். என் அண்ணன் வால்டர் காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"ஜேன், நாலு கோப்பி கலக்கு. அப்புறம், உன் ஆளு செத்துப்போச்சு. வேற ஒன்னு செஞ்சுக்க லா."

கோப்பி முதலில், சாவு அப்புறம். அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

மருதம்மாள் எங்கள் விளையாட்டில் என் பாத்திரம். 'காகிதத்தில் இருந்தவளுக்கா இத்தனை ஆத்திரம்' என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவளை நான்தான் செய்தேன். ஒவ்வொரு திறமைக்கும் பேரம் பேசி, சண்டை போட்டு, விட்டுக்கொடுத்துச் செய்தேன். அவர்களில் ஒருவனுக்கும் அப்படி ஒன்றைச் செய்யத் தெரியாது.

விளையாட்டைக் கொண்டுவந்தது டக்ளஸ் அண்ணன். கூலிமில் தற்காலிக ஆசிரியர், எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவர். லண்டனில் படிக்கும் அவருடைய அண்ணன் எண்பத்துமூன்றாம் வருடக் கிறிஸ்மசுக்கு டிராகன் படம் போட்ட ஒரு புத்தகமும் விதவிதமான பகடைகளும் அனுப்பியிருந்தார். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். குகைக்குள் போவது, பூதத்தை அடிப்பது, புதையலை எடுப்பது எல்லாமே வாயால்தான். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பூதங்களுக்குப் பொம்மை இல்லாததால் மேசைமேல் கித்தாக் கொட்டைகளை, அதாவது ரப்பர் விதைகளை, வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு மேசையில்தான் ஆட்டம். வால்டர் போர்வீரன். தன் பாத்திரத்துக்குக் 'கிங் வால்டர்' என்று பெயர் வைத்துக்கொண்டான், வெட்கமே இல்லாமல். அழகேசன் திருடன். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பையன், கூலிமில் லாரி பட்டறையில் வேலை, அண்ணனுக்குக் கூட்டாளி. அவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அடிபட்டவனைக் குணப்படுத்தாவிட்டால் இரண்டாவது குகையைத் தாண்ட முடியாது. ஆனால் வைத்தியராக உட்கார ஒரு ஆம்பளைக்கும் மனசில்லை. நான் பலகாரத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். வால்டர் நாற்காலியை இழுத்தான்.

"ஜேன், நீ உட்காரு. நீதான் வைத்தியக்காரி. ஒன்னும் யோசிக்க வேணாம். நாங்க கேக்கும்போது சொகமாக்குனா போதும்."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் வைத்தியம் பார்க்கிறவன் தாடி வைத்த ஆம்பளை. உடம்பு முழுக்க இரும்புக் கவசம், கையில் மண்டையைப் பிளக்கிற ஒரு கதாயுதம். சாமி கும்பிட்டுக் காயம் ஆற்றுவான், தேவைப்பட்டால் எதிரியின் பல்லையும் உடைப்பான். எங்கள் வீட்டு மேசைக்கு வந்ததும் அந்தத் தாடிக்காரன் எப்படியோ தட்டு ஏந்துகிறவள் ஆகிவிட்டான்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே ஆடுவதில் எங்கள் யாருக்கும் ருசி இல்லை. பனி, கோட்டை, பிரபு, கத்திக்குப் பேர் வைக்கிற வீரன் இதெல்லாம் யாருக்கு வேண்டும்? அதனால் டக்ளஸ் அண்ணன் எங்களுக்காக ஒரு விதி போட்டார். 'மாத்து' என்று பெயர். உன் பாத்திரத்துக்குப் புதிதாக ஒரு திறமை வேண்டுமா, புத்தகம் கொடுத்த திறமை ஒன்றை விட்டுக்கொடு. விட்டது உனக்கு வலிக்க வேண்டும். வலிக்கிறதா என்பதை மேசையில் இருக்கிற மற்றவர்கள் சொல்வார்கள். நல்ல விதிதான், கேட்பதற்கு.

வால்டர் தனக்கு ஒரே முறையில் இரண்டு தடவை வெட்டுகிற திறமை வேண்டும் என்றான். விட்டது எது தெரியுமா? குதிரைச் சவாரி. நாங்கள் ஆடியதெல்லாம் குகை. குகைக்குள் எங்கே குதிரை? "ஐயோ, பெரிய நட்டம் லா" என்று மற்ற இரண்டு ஆம்பளைகளும் ஒத்துக்கொண்டார்கள். அழகேசன் பழைய கல்வெட்டு படிக்கிற திறமையை விட்டுவிட்டு, தென்னைமரத்தில் ஏறுகிறவன் மாதிரி எந்தச் சுவரிலும் ஏறுகிற திறமையை வாங்கினான். "எனக்கே படிப்பு வராது, என் ஆளுக்கு எதுக்கு" என்றான். அதற்கும் தலையாட்டினார்கள்.

நான் கேட்டபோது மட்டும் எல்லாருக்கும் திடீரென்று நியாயம் ஞாபகம் வந்தது.

நான் கேட்ட திறமை எங்கள் வீட்டிலிருந்தே வந்தது. என் அம்மா அகத்தா தினமும் ஜெபமாலை சொல்கிறவர். ஆனால் வால்டருக்குத் தலை வலித்தால், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே தலையைச் சுற்றுவார். கூடாது என்று ஃபாதர் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "ஃபாதருக்குப் பிள்ளையா குட்டியா" என்பார் அம்மா. வால்டர் செய்ய வேண்டியது மூன்று தடவை துப்புவது. துப்பிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுவான். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் மீதி எல்லாம் என் தலையில். அந்த உப்பு மிளகாயை நான் முச்சந்திக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் யாரோடும் பேசக்கூடாது. போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக்கூடாது. காலைக் கழுவிவிட்டுத்தான் வாசற்படி ஏற வேண்டும். போட்டதை நம் வீட்டு ஆள் யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். வால்டருடைய திருஷ்டி எந்த முச்சந்திக்குப் போகிறது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அதைத்தான் நான் ஒரு திறமையாக்கினேன். வைத்தியக்காரியை எடுத்துவிட்டுக் கழிப்புக்காரி. அவள் காயத்தை ஆற்றமாட்டாள். சுற்றி எடுப்பாள். அடிபட்டவன் மூன்று தடவை துப்பினால் அவன் காயம் அவள் மடிக்கு வந்துவிடும். மடி தாங்குகிற அளவுக்குத்தான் சுமக்கலாம். அதற்கு மேல் போனால் அவள் செத்துவிடுவாள். மூன்று வழி கூடுகிற இடம் வந்தால் மடியை அங்கே கொட்டலாம். கொட்டிய இடத்தை யார் முதலில் மிதிக்கிறார்களோ, அத்தனை காயமும் அவர்களுக்கு.

சொல்லி முடித்தேன். டக்ளஸ் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது பெரிய திறமை, ஜேன். எதை விட்டுக் குடுக்கற?"

"கதாயுதம்."

"பத்தாது" என்றான் வால்டர்.

"கவசமும்."

"அப்பவும் பத்தாது லா. நீ ஒரே கொட்டுல பூதத்தையே சாய்ச்சிடுவ போலிருக்கே."

"நீ குதிரைய விட்டுட்டு ரெண்டு வெட்டு வாங்குன. அது பத்துச்சா?"

"அது வேற, இது வேற."

 கடைசியில் என் முறையையும் கேட்டார்கள். பகடை போட்டு யார் முதலில் ஆடுவது என்று முடிவாகும் அல்லவா? நான் பகடையே போடக் கூடாது, எப்போதும் கடைசியில்தான் ஆட வேண்டும். வால்டர் சிரித்தான். "வீட்டுலயும் கடைசியாதானே சாப்பிடற? பழகிப்போனதுதானே?" அழகேசனும் சிரித்தான். நான் ஒத்துக்கொண்டேன். ஆயுதம் இல்லை, கவசம் இல்லை, முறை கடைசி. கையில் ஒரே ஒரு திறமை. அதை வைத்து எப்படி ஆட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்தேன்.

மருதம்மாள் வந்த பிறகு எங்கள் ஆட்டமே மாறிப்போனது. மேசைமேல் இருக்கிற வழிகளில் எது முச்சந்தி, எந்தப் பக்கமிருந்து பூதம் வரும், நாங்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும் என்று நான் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கொட்டிவிட்டு, "அந்தப் பக்கம் யாரும் போகாதீங்க" என்பேன். அவர்கள் அதுவரை பலகாரம் தின்றுகொண்டிருப்பார்கள். நான் சொன்னால் போகமாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் எங்களைத் துரத்திக்கொண்டு வந்த மலைப்பூதம் நான் கொட்டிய இடத்தில் காலை வைத்தது. கிங் வால்டர் அந்தக் குகையில் வாங்கிய அத்தனை வெட்டும் அதன் உடம்பில் ஏறியது. அது அப்படியே சரிந்தது. டக்ளஸ் அண்ணன் கித்தாக் கொட்டையை மேசையிலிருந்து எடுத்தபோது வால்டர் எழுந்து நின்று கத்தினான். மறுநாள் கூலிம் பாசார் கடைகளில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் சொன்ன கதையில் 'எங்க டீம்' இருந்தது. நான் இல்லை.

அந்தக் கதை சுற்றிப் பினாங்கு வரை போயிருக்க வேண்டும். அங்கே ஒரு காலேஜ் மாணவர்கள் இதே விளையாட்டை ஆடுகிறார்களாம். ஒரு சனிக்கிழமை முழுநாள் போட்டி வைக்கிறார்கள், வெளியூர் டீமும் வரலாம், ஒரு டீமுக்கு மூன்று பேர், சொந்தமாக மாற்றிய பாத்திரங்களையும் கொண்டுவரலாம் என்று டக்ளஸ் அண்ணன் வந்து சொன்னார். மூன்று பேர் என்றால் வால்டர், அழகேசன், நான். அந்த வாரம் முழுவதும் எனக்குத் தொழிற்சாலையில் கைவேலை ஓடவில்லை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லில் ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போதும் மனசு குகைக்குள் இருந்தது. எங்கள் மேசையைத் தாண்டி, என்னைத் தங்கச்சி என்று பார்க்காத ஆட்களுக்கு முன்னால், மருதம்மாளை ஆட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடராஜா வந்து உட்கார்ந்திருந்தான். வால்டரோடு பட்டர்வொர்த் கிடங்கில் வேலை செய்கிறவன். அதற்கு முன்னால் எங்கள் ஆட்டத்தை இரண்டொரு தடவை எட்டிப் பார்த்திருக்கிறான்.

"போட்டி முடிய ராத்திரி ஆயிடும். நடராஜா அக்கா வீடு பினாங்குலயே ஆயர் ஈத்தாம்ல இருக்கு. அங்க தங்கிக்கலாம்" என்றான் வால்டர்.

"சரி. நானும் அக்காவோட படுத்துக்கறேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பகடையை உருட்டிக்கொண்டே சொன்னான்: "நீ வரல. நடராஜா வரான். மருதம்மாள அவன் ஆடுவான்."

 "என்னண்ணே சொல்ற?"

"பொம்பளப் புள்ள, ஆம்பளங்ககூடப் பினாங்குக்குப் போய் ராத் தங்கறதா? ஊர் என்ன பேசும்?"

"நான் தெனமும் பினாங்குக்குத்தானே போறேன்!"

நான் சொன்னது உண்மை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. கம்பெனி பஸ் கூலிமிலிருந்து எங்களை அள்ளிக்கொண்டுபோய் ஃபெரியில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கும். நைட் ஷிப்ட் வந்தால் ராத்திரி முழுவதும் பினாங்கில்தான் இருப்பேன். அப்போது ஊர் வாய் என்ன, தூங்கிக்கொண்டா இருந்தது? வேலைக்குப் போகிற பினாங்கு நல்ல பினாங்கு. விளையாடப் போகிற பினாங்கு கெட்ட பினாங்கு. கடல் ஒன்று, ஃபெரி ஒன்று, ஊர் ஒன்று. எனக்கு மட்டும் இரண்டு.

"அது வேலை" என்றான் வால்டர்.

நான் டக்ளஸ் அண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, மருதம்மா என்னோடது. நான் இல்லாம அவ எப்படிப் போவா?"

அவர் புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "எனக்குப் பிரச்சின இல்ல, ஜேன். ஆனா உங்க அண்ணன் சொல்றப்ப நான் என்ன செய்ய? வீட்டு விசயம். மருதம்மா இல்லாமப் போனா நாங்க தோத்துடுவோம், அதுவும் உண்மைதான்."

அவள் வேண்டும், நான் வேண்டாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. அழகேசன் ஒரு கித்தாக் கொட்டையை எடுத்து நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்லவன் என்று பெயர் எடுத்தவன் அவன். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "அவன் சொல்றதும் சரிதானே? ஒரு விளையாட்டு. விட்டுக் குடேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

போட்டி நடந்த சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். விடியற்காலை கம்பெனி பஸ் ஃபெரியின் கீழ்த்தளத்தில் ஏறி நின்றது. மற்றப் பெண்கள் இருக்கையிலேயே தூங்கினார்கள். எனக்குப் பஸ்ஸுக்குள் மூச்சு முட்டியது. படியேறி மேல்தளத்துக்குப் போனேன். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள். டக்ளஸ் அண்ணன் கையில் பகடை வைக்கிற பிஸ்கட் டின்.

வால்டர் என்னைக் கண்டதும் திருடனைப் பார்த்த மாதிரி திடுக்கிட்டான். "நீ எங்க இங்க?"

"பினாங்குக்கு."

"ஜேன், சொன்னேனில்ல..."

"வேலைக்குண்ணே. நல்ல பினாங்குக்கு."

நடராஜா சிரித்தான். புதுச்சட்டை, வழித்து வாரிய தலை. நான் சிரிக்கவில்லை. அவனிடம் நேராகப் போனேன். ஆத்திரம் ஒரு பக்கம், மருதம்மாள் ஒரு பக்கம். அவளை இவன் கையில் கொடுத்தாகிவிட்டது. குறைந்தபட்சம் அவள் உயிரோடு திரும்ப வேண்டும்.

"மடிய எங்க கொட்டறதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் லா. துப்பணும். மூனு தடவ. அதானே?"

"அது அடிபட்டவன் செய்யறது. அவ செய்யறது வேற. திரும்பி வர்ற வழியில கொட்டக் கூடாது. நம்ம ஆளு யாரு, எந்தப் பக்கம்..."

"ஜேன்" என்று வால்டர் குறுக்கே வந்தான். "சும்மா அவன பயமுறுத்தாத. நாங்க ஒரு வருசமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கோம்? எங்களுக்குத் தெரியாதா? நீ போ. பஸ்ஸ விட்டுடப் போற."

பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். என் முறை வரும்போதெல்லாம் பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். சங்கு ஊதியது. நான் கீழே இறங்கிப் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். பஸ் ஒரு பக்கம் திரும்பியது, அவர்கள் ஒரு பக்கம் நடந்தார்கள். அன்று முழுவதும் அதே ஊரில்தான் நானும் இருந்தேன், கண்ணை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கோப்பி கேட்டார்கள் என்றேன் அல்லவா? நான் கலக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையில் உட்கார்ந்தேன்.

"எப்படிச் செத்தா?"

வால்டர் கையை ஆட்டினான். "எப்படியோ செத்துச்சு லா. இப்ப எதுக்கு?"

"அழகேசன், நீ சொல்லு."

அழகேசன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். முதல் பாதி ஆட்டம் அமோகமாம். அடிபட்டபோதெல்லாம் நடராஜா சுற்றி எடுத்தானாம். துப்புவதைப் பார்த்துப் பினாங்குப் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சிரிக்கச் சிரிக்க இவனுக்கு உற்சாகம், சின்னக் கீறலுக்கெல்லாம் சுற்றினானாம். மடி நிறைந்துவிட்டது, எங்கேயாவது கொட்டு என்று அங்கே கதை நடத்தியவர் சொல்லியிருக்கிறார். இவன் நின்ற இடத்திலேயே கொட்டினான். அது இரண்டாவது குகைக்குள் நுழைந்ததும் வருகிற முச்சந்தி. வெளியே போக அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

"நீங்க யாரும் ஒன்னும் சொல்லலியா?"

"எனக்கு அப்ப தோணல, ஜேன். எப்பவும் நீதான் அந்தப் பக்கம் போகாதீங்கன்னு சொல்லுவ. சொல்ல ஆள் இல்ல. அதனால போகலாம்னு நெனச்சுட்டோம்."

உள்ளே ஒரு நாகம் துரத்தியதாம். ஓடிவந்தபோது கிங் வால்டர்தான் முன்னால். அவன் தான் கொடுத்த காயத்தையெல்லாம் தானே மிதித்தான், கூடவே அழகேசனுடையதையும். அங்கேயே விழுந்தான். நடராஜா ஓடிவந்து மறுபடியும் சுற்றி, நாகம் கொத்தியதையும் சேர்த்து அத்தனையையும் ஒரே மூச்சில் மருதம்மாள் மடியில் ஏற்றினான். அவள் மடி அதைத் தாங்காது என்பது அவனுக்குத் தெரியாது. வால்டர் எழுந்துவிட்டான். அவள் எழவில்லை. அவள் இல்லாததால் தோற்று, போட்டியின் மூன்றாவது சுற்றுக்குப் போகாமலே வெளியே வந்துவிட்டார்கள்.

"அந்தப் பாத்திரத்துலயே ஏதோ கோளாறு" என்றான் நடராஜா. "யார் கொட்டுனாங்கன்னு பாக்காம சொந்த ஆளுக்கே அடிக்குது. சரியா செய்யல."

 சரியாகச் செய்யவில்லையாம். உங்கள் வீட்டில் யார் சுற்றிப் போடுகிறார்கள், யார் முச்சந்திக்குக் கொண்டுபோகிறார்கள், யார் பாதையைப் பார்த்து நடக்கிறார்கள் என்று ஒரு நாளாவது எழுந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். துப்புவது மட்டும்தான் ஆம்பளைகளுக்குத் தெரிந்த பாதி. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டுபோய்ப் பினாங்கில் வித்தை காட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் விடு" என்றான் வால்டர். குரலில் திடீரென்று பாசம். அவனுக்கு ஏதாவது வேண்டும் என்றால் வருகிற பாசம். "டிசம்பர்ல மறுபடியும் போட்டி இருக்காம். நீதான் நல்லா செய்வியே. எங்க மூனு பேருக்கும் ஒவ்வொன்னு புதுசா செஞ்சு குடு. எப்படி ஆடணும்னும் இந்தத் தடவ சொல்லிக் குடுத்துடு. உக்காந்து கேட்டுக்கறோம்."

"நான்?"

"நீ வீட்டுல இருந்து செஞ்சு குடுப்ப. நாங்க போய் ஆடுவோம்."

 டக்ளஸ் அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். "ஜேன், கோவிச்சுக்காத. நான்தானே இங்க கதை நடத்தறேன்? பினாங்குல நடந்தது நம்ம கணக்குல இல்லன்னு சொல்லிடறேன். மருதம்மா சாகல. போதுமா?"

"வேணாம்."

"ஏன்மா? நான் சொன்னா சொன்னதுதான். அவ உயிரோட..."

"வேணாம்னு சொல்றேன் இல்ல! அவ செத்துட்டா. நீங்க கொண்டுபோய்க் கொன்னீங்க. இப்ப ஒரு வார்த்தையில அதத் தொடச்சு விட்டுட்டு, ஒன்னுமே நடக்காத மாதிரி அடுத்த ஞாயித்துக்கெழம நான் வந்து உங்க காயத்தையெல்லாம் மடியில வாங்கணுமா? நீங்க என்ன பண்ணுனாலும் கணக்குல வராதா? நான் செஞ்சத எடுத்துக்கிட்டீங்க, என்ன விட்டுட்டுப் போனீங்க, அவளையும் கொன்னீங்க, கோப்பியும் கேக்கறீங்க, இப்ப இன்னும் மூனு செஞ்சு தரணுமா? உங்களுக்கெல்லாம் வெக்கமே கெடையாதா?"

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "ஜேன், மெதுவா பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

"கேக்கட்டும்மா. நல்லாக் கேக்கட்டும்."

நடராஜா சப்பாத்தைத் தேடினான். அழகேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். வால்டர் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையையும் விரித்தான், பைத்தியத்திடம் மாட்டிக்கொண்டவன் மாதிரி மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"அலா, ஒரு வெளையாட்டுக்கு இவ்வளவு கோவமா? வெறும் வெளையாட்டு லா, ஜேன். வெறும் வெளையாட்டு!"

என் குரல் அப்போது இறங்கிவிட்டது. நான் இறக்கவில்லை, தானாக இறங்கியது.

"வெறும் வெளையாட்டுதானேண்ணே? அப்ப எனக்கு அதுல ஒரு எடம் குடுக்க உன்னால ஏன் முடியல?"

அவன் சிரிப்பு முகத்திலேயே நின்றது. டக்ளஸ் அண்ணனைப் பார்த்தான். அவர் பிஸ்கட் டின்னைப் பார்த்தார். அம்மா கரண்டியோடு வாசலிலேயே நின்றார், அவரும் வால்டர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு, மேசைமேல் கையை வைத்து, அவன் பதில் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.